தாறுமாறான இதயத் துடிப்பு: மாத்திரையோடு இருப்பதா, அப்லேஷனுக்குப் போவதா?

சென்ற தை மாதம், அறுவடை நேரத்தில், மேலூர்ப் பக்கத்திலிருந்து என் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். களத்தில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் இருந்ததாகவும், நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒரு கணக்குக்கும் அடங்காமல் ஓடுவதாகவும் சொன்னார். மேலூர் அரசு மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் கோளாறு, என்று வந்தது. மறுநாள் காலையில் துடிப்பு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிட்டது. அதன்பின் பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அது வந்து போகத் தொடங்கியது. மதுரையில் பார்த்த இதய மருத்துவர், மாத்திரையோடு இருந்து பார்க்கலாம், அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி இதயத்துக்குள் கோளாறான மின்வழியை அடைக்கும் அப்லேஷன் செய்யலாம், அவசரமில்லை, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார். வீட்டில் பேசுவது என்றால் என்னிடம் பேசுவதுதான்; சிம்மக்கல் பக்கம் நான் மருந்துக்கடை வைத்து 27 ஆண்டுகள் ஆகின்றன. மருந்தாளுநர் மருத்துவர் அல்லர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சீட்டுகளை நாள் முழுக்கப் படிக்கிறவனுக்கு, எந்தச் சிகிச்சை எடுத்தவர் எந்த மாத்திரையோடு எத்தனை காலம் வருகிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அண்ணனுக்காக நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை, இதே இடத்தில் நிற்கும் பிற குடும்பங்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: “அதைச் செஞ்சுட்டா இந்த மாத்திரையெல்லாம் நிறுத்திரலாம்ல தம்பி?” அவர் ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் “கரண்ட் வைத்து”, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அன்றிலிருந்து அவர் ஒரு மாத்திரைகூடப் போடுவதில்லை. அந்தப் பெண்ணின் பழைய சீட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அவருக்கு இருந்தது எஸ்.வி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வேறு கோளாறு. இதயத்தின் மின்னோட்டத்துக்குக் கூடுதலாக ஒரு குறுக்குப் பாதை இருந்து, அதில் மின்னலை சுற்றிச் சுற்றி ஓடுவதால் வருவது அது. அந்த ஒரு பாதையைச் சுட்டு அடைத்துவிட்டால் நூற்றுக்கு 95 பேர் அளவில் முற்றாகக் குணமாகிவிடுகிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் செய்வதும் அப்லேஷன்தான், போவதும் அதே தொடை இடுக்கு வழிதான், ஆனால் நோய் வேறு, எதிர்பார்க்கக்கூடிய பலனும் வேறு. “அவருக்கு ஒரே நாளில் சரியாயிற்று” என்ற பேச்சைக் கேட்டு முடிவெடுப்பவர்கள், முதலில் அவருடைய ஈசிஜியில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏ.எஃப். என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்தக் கோளாறில், இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டு, நிமிடத்துக்கு 350 முறைக்கு மேல் நடுங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் இரண்டு தொல்லைகள் வருகின்றன. அவை ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வதில்தான் முடிவின் பாதி இருக்கிறது. ஒன்று, படபடப்பு, மூச்சு வாங்குதல், சோர்வு, நாள்கணக்கில் நாடி மிக வேகமாக ஓடினால் இதயத் தசையே தளர்ந்துபோவது. மற்றொன்று, நடுங்கும் மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பைக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தை உண்டாக்குவது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கு. அப்லேஷன் முதல் தொல்லைக்குச் செய்யப்படுவது. இரண்டாவதற்கு உரியது ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை. துடிப்பு சீரானதும் இரண்டாவதும் தீர்ந்துவிட்டதாக நினைப்பது இயல்புதான், ஆனால் அது தவறு.

எனவே மாத்திரையா அப்லேஷனா என்று கேட்பதற்கு முன், ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை தேவையா என்பதைத் தனியே முடித்துவிட வேண்டும். அதற்கு ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. இதயச் செயலிழப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், ரத்தக் குழாய் நோய் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. வயது 65ஐத் தாண்டினால் 1, 75ஐத் தாண்டினால் 2. முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரை வேண்டும். 1 என்றால் மருத்துவர் யோசித்துச் சொல்வார். அண்ணனுக்கு வயது 62, சர்க்கரையும் கொதிப்பும் உண்டு, ஆக 2. அப்லேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த 2 மாறப்போவதில்லை. ஓராண்டுக்கு மேல் ஏ.எஃப். திரும்ப வராதவர்களுக்கு இம்மாத்திரையை நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் தென் கொரியாவிலிருந்து வந்திருக்கிறது, அதன் முடிவு நம்பிக்கை தருவதுதான். ஆனால் அதை வைத்து இன்று மாத்திரையைத் தூக்கி எறிய முடியாது. அப்லேஷனுக்குப் பின் குறைந்தது 2, 3 மாதங்கள் எல்லோரும் இதைச் சாப்பிட வேண்டும். அதன்பின் புள்ளிக் கணக்கே தீர்மானிக்கும்.

இந்த மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கடையில் நான் அன்றாடம் காணும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. பழைய வகையான வார்ஃபரின், அசிட்ரோம் ஆகியவற்றுக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையை அடிக்கடி எடுத்து, அளவை 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். முருங்கைக்கீரையை ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு, மறுவாரம் தொடாமல் விட்டால் அளவு ஏறி இறங்கும். கீரையையே நிறுத்தச் சொல்வது தேவையற்ற கெடுபிடி. அளவு சீராக இருந்தால் போதும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை உயர்த்திவிடும். புதிய வகைகளான டாபிகட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகியவற்றுக்கு இந்தப் பரிசோதனைத் தொல்லை இல்லை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்தால் போதும்; காப்புரிமை முடிந்து இந்திய நிறுவனங்கள் பலவும் தயாரிக்கத் தொடங்கியபின் விலையும் எட்டக்கூடியதாகிவிட்டது. ஆனால் அவற்றின் காப்பு ஓரிரு நாளில் வடிந்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது மாத்திரையை எடுத்துப் போகவில்லை என்று ஆண்டுதோறும் யாராவது வந்து சொல்வார்கள்; அழகர் ஆற்றில் இறங்கிய அந்த மூன்று நாளும் அவர்கள் காப்பில்லாமல்தான் இருந்திருக்கிறார்கள். ரிவராக்சபான் 20 மில்லிகிராமை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் முழுதாகச் சேராது, சாப்பாட்டோடு போட வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. எந்த வகையானாலும், முட்டி வலிக்குத் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அதனோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியக்கூடும்.

இன்னொரு பிரிவினரைக் குறிப்பிடாமல் விட முடியாது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, முப்பது நாற்பது வயதிலேயே ஏ.எஃப். வந்தவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், பெண்களே அதிகம். அவர்களுக்குப் புதிய வகை மாத்திரை ஏற்றதல்ல. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்க நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ரிவராக்சபானைவிடப் பழைய வகையே உயிரைக் காப்பாற்றுவதில் மேலாக இருந்தது. அவர்கள் முதலில் பேச வேண்டியது வால்வைப் பற்றி. அப்லேஷன் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி, துடிப்பு ஒழுங்கற்றே இருக்கட்டும், வேகத்தை மட்டும் அடக்குவோம் என்பது. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம், சிலருக்கு டிகாக்சின். செலவு குறைவு, ஓய்வில் நாடி 110க்குள் இருந்தால் பலருக்குப் போதுமானது. இதை மட்டமான வழி என்று நினைக்கத் தேவையில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,060 பேரிடம் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், வேகத்தை மட்டும் அடக்கியவர்களும், துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: இரு அணியிலும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை நிறுத்தியவர்கள், அல்லது ஐ.என்.ஆர். 2க்குக் கீழே இருந்தவர்கள். வயது எண்பதை நெருங்கியவர், படபடப்பைப் பெரிதாக உணராதவர், மேலறை ஏற்கெனவே பெரிதாக விரிந்துவிட்டவர் ஆகியோருக்கு இந்த வழியே போதும் என்பது என் எண்ணம். என் மாமியார் 81 வயதில் இப்படித்தான் இருக்கிறார். காலையில் கோலம் போடுகிறார், தெப்பக்குளம் வரை நடந்து வருகிறார்.

இரண்டாவது வழி, மருந்தாலோ மின்னதிர்ச்சியாலோ துடிப்பை ஒழுங்குக்குத் திருப்புவது. மின்னதிர்ச்சி என்றதும் பயப்படுகிறார்கள்; சில நிமிட மயக்கத்தில் நடந்து முடிந்துவிடும். ஆனால் துடிப்பு தவறி 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், முன்பு 3 வாரமும் பின்பு 4 வாரமும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். முன்பு சாப்பிட நேரமில்லையென்றால் உணவுக்குழாய் வழியாக எக்கோ என்ற ஒலியலைப் படம் எடுத்துக் கட்டி இல்லையென்று உறுதிசெய்வார்கள். மின்னதிர்ச்சி அந்த நேரத்துக்குத் துடிப்பைத் திருப்புமே தவிர, மீண்டும் வராமல் தடுக்காது. தடுப்பதற்கு மருந்துகள் இருக்கின்றன. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஃபிளெக்கனைடு ஆகாது. அமியோடரோன் நன்றாக வேலை செய்யும், ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தைராய்டு, கல்லீரல், நுரையீரல் எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும், வெயிலில் தோல் கருக்கும், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். மதுரை வெயிலில் வயலில் நிற்கும் ஒருவருக்கு இதை ஆண்டுக்கணக்கில் கொடுப்பதை நினைத்து நான் தயங்கினேன். தைராய்டு பரிசோதனை ஒருமுறைகூட எடுக்காமல் நான்கு ஆண்டுகள் ஒரே சீட்டைக் காட்டி அமியோடரோன் வாங்கிக்கொண்டிருந்த ஒருவரை நானே திருப்பி மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது வழி அப்லேஷன். 1998இல் பிரான்ஸின் போர்தோ நகரில் ஹைசாகேர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஏ.எஃப்பைத் தூண்டிவிடும் கள்ளப் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நான்கு சிரைகளின் வாயிலிலிருந்து எழுவதைக் கண்டறிந்தார்கள். அந்த வாயில்களைச் சுற்றி வளையமாக வடு உண்டாக்கி, பொறி உள்ளே வராமல் வேலி போடுவதுதான் இந்தச் சிகிச்சை. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் துளைத்து இடப்பக்கம் போகிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம்.

வேலி போடுவதற்கு மூன்று விதங்கள் இருக்கின்றன: ரேடியோ அலைச் சூட்டால் புள்ளி புள்ளியாகச் சுடுவது, பலூனை வைத்து உறையவைப்பது, அண்மையில் வந்திருக்கும் மின்துடிப்பு முறை. சூட்டையும் உறைவிப்பையும் ஒப்பிட்டு 2016இல் வந்த ஆய்வில் பெரிய வேறுபாடு இல்லை. மின்துடிப்பு முறை வேகமானது, உணவுக்குழாயையும் பக்கத்து நரம்பையும் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் 2023இல் வெளியான நேரடி ஒப்பீட்டில் ஓராண்டுப் பலன் 73%, பழைய முறைகளுக்கு 71%. புதியது என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் கட்டும் அளவுக்கு இந்த இடைவெளி இல்லை. எந்த முறை என்பதைவிட, செய்பவர் அந்த முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பலன் என்ன? வந்து வந்து போகும் வகைக்கு, ஒருமுறை செய்தால் ஓராண்டில் பத்தில் ஏழு பேருக்குத் திரும்ப வருவதில்லை. நிலைத்துவிட்ட வகைக்கு அது பாதியை ஒட்டி இறங்குகிறது. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும். மருந்தோடு ஒப்பிட்டு 2,204 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இறப்பும் பக்கவாதமும் அப்லேஷனால் திட்டவட்டமாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளில் மருந்து அணியில் 70% அளவுக்கு ஏ.எஃப். திரும்பியபோது அப்லேஷன் அணியில் அது 50% அளவுதான், அன்றாட வாழ்வும் நன்றாக இருந்தது. நிம்மதி என்பது சிகிச்சை செய்துகொண்டோம் என்ற எண்ணத்தால் வருவதா என்று சந்தேகப்பட்டவர்களுக்கும் 2024இல் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது: பாதிப் பேருக்கு உண்மையான அப்லேஷனும், மறு பாதிக்குப் பாவனைச் சிகிச்சையும் செய்து பார்த்ததில், உண்மையாகச் செய்துகொண்டவர்களே தெளிவாக நலமடைந்தார்கள். இதயத்தின் பம்பு வலு குறைந்தவர்களின் கதை வேறு. 2018இல் வந்த ஆய்வில் அவர்களிடையே இறப்பு அல்லது இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்வது, மருந்தில் 44.6%, அப்லேஷனில் 28.5%. எக்கோவில் வலு குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

ஆபத்தையும் பார்க்க வேண்டும். இதயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து அழுத்துவது நூற்றில் ஒருவர் அளவில் நேரும். பக்கவாதம் அதைவிடக் குறைவு. தொடையில் ரத்தக்கட்டு சற்று அதிகம். மிக அரிதானது, ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது, சூட்டால் உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் இடையே துளை விழுவது. அது சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், விழுங்க வலி, பக்கவாதம் போன்ற அறிகுறிகளோடு வரும். உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ இருக்கும் ஒருவர் அந்தக் காய்ச்சலுக்கு உள்ளூர் மருத்துவரிடம்தான் போவார். அவரிடம் அப்லேஷன் செய்ததைச் சொல்லாவிட்டால் எண்டோஸ்கோப்பி செய்துவிடக்கூடும், அது ஆபத்தைப் பெருக்கும். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் நேராகச் சிகிச்சை செய்த இடத்துக்கே போக வேண்டும். அதே இரண்டு மூன்று மாதங்களில் படபடப்பு மீண்டும் வந்தால் மட்டும், அப்லேஷன் வீணாகிவிட்டது என்று முடிவு கட்டத் தேவையில்லை. வடு ஆறும்வரை அப்படி வரும்.

நான்காவது ஒன்றும் உண்டு: பேஸ்மேக்கர் வைத்துவிட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மின்வழியைத் துண்டித்துவிடுவது. நாடி சீராகும், ஆனால் வாழ்நாள் முழுவதும் பேஸ்மேக்கரை நம்பியே இருக்க வேண்டும். மருந்தும் அப்லேஷனும் கைவிட்ட முதியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அண்ணன் வயதுக்காரருக்கு இதைப் பற்றி இப்போது பேசத் தேவையில்லை.

காலம் பற்றிய ஒரு செய்தி எங்கள் முடிவை அசைத்தது. 2,789 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவர முயன்றவர்களுக்கு இதய நோய் இறப்பு, பக்கவாதம் முதலியவை 100 பேருக்கு ஆண்டுக்கு 5.0 என்பதிலிருந்து 3.9ஆகக் குறைந்தன. அவர்களில் பெரும்பாலோர் மருந்தால்தான் அதைச் செய்தார்கள். ஆக, “இன்னும் முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது. ஆனால் திட்டத்தில் அட்டை இருப்பது வேறு, குறிப்பிட்ட முறையும் இதயத்தின் மின்னோட்டத்தைப் படமாகக் காட்டும் முப்பரிமாண வரைபடக் கருவியும் அந்தத் தொகைக்குள் வருவது வேறு. மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில், எஸ்.வி.டி. அப்லேஷனுக்கா ஏ.எஃப். அப்லேஷனுக்கா ஒப்புதல் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். தனியாரில் செய்வதென்றால் கதீட்டருக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய கணக்கை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். சென்னைக்குப் போவதா என்ற கேள்வியும் வந்தது. பிறகு ஏதேனும் ஆனால் நள்ளிரவில் அரை மணி நேரத்தில் சேரக்கூடிய இடத்தில் செய்துகொள்வதே நல்லது என்று நான் சொன்னேன். இதில் என்னோடு வேறுபடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு.

அண்ணன் இப்படித் தீர்மானித்தார். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை உடனே தொடங்கினார். அதற்கு எவ்வழியிலும் விலக்கில்லை என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. குறட்டை அதிகம் என்று அண்ணி சொன்னதால் தூக்கப் பரிசோதனைக்குப் போனார். உறக்கத்தில் மூச்சடைப்பு இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால், எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் ஏ.எஃப். திரும்ப வரும் வாய்ப்பு கூடும். 91 கிலோவாக இருந்தவர் இப்போது 85. பத்து விழுக்காட்டுக்கு மேல் எடை குறைத்தவர்களுக்கு ஏ.எஃப். கணிசமாக அடங்கியதை ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2015இல் காட்டியிருந்ததை அவரிடம் சொன்னேன். இன்னும் மூன்று கிலோ மிச்சம். அமியோடரோனை இரண்டு மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நடவு வேலைகள் முடிந்ததும் மதுரையிலேயே பலூன் முறையில் அப்லேஷன் செய்துகொள்ள நாள் வாங்கியிருக்கிறார். மாத்திரையை நிறுத்த முடியாதென்றால் எதற்கு இது என்று அண்ணி கேட்டபோது, “மூச்சு வாங்காம வரப்புல நடக்கணும், அவ்வளவுதான்” என்றார்.